துன்பக் காலத்தில் துணை எது?

சொந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழ்வோர்க்குத் துன்பம் இருமுறை வருகிறது. முதலில் செய்தியாக வருகிறது. பிறகு தொலைவாக வருகிறது. ஊரில் இருப்பவனுக்குத் தந்தை இறந்தால், அத்துயரம் ஒன்றுதான். தலைநகரில் வாழ்பவனுக்கோ, அந்த முகத்தைக் கடைசியாக ஒருமுறை காண முடியுமா என்னும் துயரமும் உடன் சேர்ந்துகொள்கிறது. முன்னாளில் தில்லியில் வாழ்ந்த தமிழர் வீடுகளில் தந்திச் சேவகன் கதவைத் தட்டினால், உறையைப் பிரிக்கும் முன்பே பெண்கள் கண்கலங்குவர். கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியில் எப்படியோ இடம் பிடித்து, இரண்டு இரவுகள் கழித்துச் சென்னை சேர்ந்து, அங்கிருந்து ஊர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். 1976ஆம் ஆண்டு தமிழ்நாடு விரைவு வண்டி வந்தபின் பயண நேரம் குறைந்தது. 2013ஆம் ஆண்டு தந்திச் சேவையே நிறுத்தப்பட்டுவிட்டது. இன்று செய்தி நொடியில் வருகிறது. வானூர்தி மூன்று மணி நேரத்தில் கொண்டு சேர்க்கிறது. ஆயினும் தொலைவு ஒழிந்துவிடவில்லை என்பதை 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகள் நமக்கு நன்கு உணர்த்திச் சென்றன.

அத்தகைய வேளையில் மனிதன் எதைப் பற்றிக்கொள்கிறான்? இறைவன் திருவடியையா? கற்றறிந்த மெய்யியலையா? அருகிலிருக்கும் அன்பர்களின் கையையா? இவ்வினா நமக்குப் புதியதன்று. தமிழ்ச் சங்க மேடைகளில் இது பலமுறை பட்டிமன்றப் பொருளாக அமைந்திருக்கிறது. பேச்சாளர்கள் அணி பிரிந்து வாதிடுவர். நடுவர் நகைச்சுவையோடு தீர்ப்பு வழங்குவர். நாம் கைதட்டிவிட்டு உணவுக்கு எழுந்து செல்வோம். வாழ்க்கை இதே பொருளை நம் வீட்டில் எடுத்து வைக்கும்போது நடுவர் எவரும் வருவதில்லை.

திருவள்ளுவர் இந்த மூன்றனுக்கும் தம் நூலில் தனித்தனியே இடம் தந்திருக்கிறார் என்பது எண்ணத்தக்கது. முதல் அதிகாரமாகிய கடவுள் வாழ்த்தின் ஏழாம் குறளில், ஒப்பற்ற இறைவன் அடி சேர்ந்தவர்க்கன்றிப் பிறர்க்கு மனக்கவலையை மாற்றுதல் அரிது என்கிறார். பொருட்பாலுக்கு வந்து 63ஆம் அதிகாரமாகிய இடுக்கண் அழியாமையைப் பார்த்தால், அங்குள்ள பத்துக் குறள்களிலும் துன்பத்தை வெல்வதற்குக் கடவுளை அழைக்கவே இல்லை. துன்பத்தைக் கண்டு நகைக்கச் சொல்கிறார். வெள்ளம்போல் வந்தாலும் அறிவுடையவன் உள்ளத்தால் நினைத்த அளவில் அது கெடும் என்கிறார். மேடு பள்ளம் பாராமல் வண்டி இழுக்கும் எருதைப் போல் இருக்கச் சொல்கிறார். இன்னும் சில அதிகாரங்கள் கடந்து, நட்பு என்னும் 79ஆம் அதிகாரத்தில், ஆடை நழுவும்போது கை எவ்வாறு தானே விரைந்து சென்று காக்குமோ அவ்வாறு நண்பனுடைய இடரைக் களைய விரைவதே நட்பு என்று காட்டுகிறார். மூன்றையும் சொன்னவர், இவற்றுள் எது பெரிது என்று எங்கும் கூறவில்லை. அவர் கூறாமல் விட்டதற்குக் காரணம் இருக்க வேண்டும் என்று எங்கள் குடும்பத்தார் உணர்வதற்கு ஒரு கோடைக்காலம் வேண்டியிருந்தது.

எங்கள் தந்தையார் 1962ஆம் ஆண்டு மைய அரசின் அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து தில்லிக்கு வந்தவர். இளமையில் சுயமரியாதைக் கருத்துகளில் ஊறியவர். திருநீறு அணிவதில்லை, கோயிலுக்குள் நுழைவதில்லை, திருக்குறள் மட்டும் அவர் மேசையை விட்டு அகன்றதில்லை. எங்கள் அன்னையாரோ முருகனையன்றி வேறொன்றும் அறியாதவர். இராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல் உத்தர சுவாமிமலைக் கோயிலுக்கு 1973ஆம் ஆண்டு குடமுழுக்கு நடைபெற்ற நாள்தொட்டு, கிருத்திகைதோறும் அங்குச் சென்று வருவது அவர் வழக்கம். தந்தையார் அவரைப் பேருந்தில் அழைத்துச் செல்வார். படிக்கட்டின் அடியில் செருப்புகளைக் காத்துக்கொண்டு நாளிதழ் படித்திருப்பார். அன்னையார் இறங்கி வந்ததும் அவர் தரும் வாழைப்பழத்தை உண்பார். திருநீற்றை மட்டும் வேண்டா என்று தலையசைப்பார். இருவருக்குமிடையே இது பற்றி வாக்குவாதம் நடந்து நாங்கள் கேட்டதில்லை. அவரவர் இடம் அவரவர்க்குத் தெரிந்திருந்தது.

2021ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் இரவு தில்லியில் மீண்டும் ஊரடங்கு தொடங்கியது. அந்த வாரத்தில்தான் தந்தையார்க்குக் காய்ச்சல் கண்டது. அப்போது அவருக்கு 81 வயது. மூன்றாம் நாள் மூச்சுத் திணறல் ஏற்பட்டது. பிராணவாயு உருளைக்காக நகரெங்கும் மக்கள் அலைந்த நாட்கள் அவை. தமிழ் நண்பர் ஒருவர் தம் வண்டியை எடுத்துக்கொண்டு துவாரகையிலிருந்து காசியாபாத் வரை சென்று, விடியற்காலையில் ஓர் உருளையோடு வந்து நின்றார். எத்தனை இடங்களில் கேட்டார், என்ன விலை கொடுத்தார் என்று அவர் இன்றளவும் எங்களிடம் கூறவில்லை. இரண்டு நாட்கள் கழித்து மருத்துவமனையில் ஒரு படுக்கை கிடைத்தது.

ஊர்தி வாயிலில் வந்து நின்றபோது, அன்னையார் பூசை அறையிலிருந்து திருநீற்று மடலோடு வெளியே வந்தார். வந்தவர் தயங்கி நின்றுவிட்டார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் திருநீறு படாத நெற்றி அது. நோயுற்ற ஒருவரிடம் அவருடைய கொள்கைக்கு மாறாக நடந்துகொள்ளலாமா? அதுவும் தளர்ந்திருக்கும் நேரத்தில்? நாங்களும் ஒன்றும் சொல்ல இயலாமல் நின்றோம். தந்தையார் அன்னையாரைப் பார்த்தார். பிறகு தலையைச் சற்றே தாழ்த்தி, “பூசிவிடு, உன் கை ஒரு கணம் என் நெற்றியில் இருக்கட்டும்” என்றார். அன்னையார் பூசினார். அதுவே அவர்கள் ஒருவரையொருவர் தொட்ட கடைசித் தருணமாயிற்று.

தந்தையார் தம் கொள்கையைக் கைவிட்டார் என்று இதனைக் கொள்வதா? அன்னையாரின் பக்தி வென்றது என்பதா? உறவினர் சிலர் அவ்வாறு பேசியதுண்டு. எங்களுக்கு அவ்வாறு தோன்றவில்லை. அவர் ஏற்றுக்கொண்டது நீற்றை அன்று. அதை ஏந்தி வந்த கையை. அன்னையார் கொடுத்ததும் தம் கையை மட்டும் அன்று. தாம் நம்பிய அனைத்தையும் அக்கையால் கொடுத்தார். அந்த ஒரு கணத்தில் எது நம்பிக்கை, எது அறிவு, எது அன்பு என்று பிரித்துக் காட்ட வல்லார் யாவர்?

இதனை எண்ணும்போதெல்லாம் திலகவதியாரின் வரலாறு எங்கள் நினைவுக்கு வருகிறது. சேக்கிழார் பெரியபுராணத்தில் காட்டும் அவ்வரலாற்றைப் பெரும்பாலோர் சமய வெற்றியின் கதையாகவே படிக்கின்றனர். தந்தை புகழனாரும் தாய் மாதினியாரும் மறைந்தனர். மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போர்க்களத்தில் உயிர் நீத்தார். உயிர்விடத் துணிந்த திலகவதியார், தம்பி மருள்நீக்கியார் அழுது வேண்டியதால் அவருக்காக உயிர் தாங்கினார். தம்பியோ நிலையாமையை ஆராய்ந்து, சமண சமயம் புகுந்து, தருமசேனர் என்னும் பெயரோடு பெரும் புலமை பெற்றார். பிறகு சூலை நோய் வந்தது. கற்ற கல்வியும் உடனிருந்தோர் செய்த மருத்துவமும் பயன்படாதபோது அவர் ஆள் அனுப்பியது தமக்கையாருக்குத்தான். திருவதிகையில் இரவு நேரத்தில் வந்து அடிபணிந்த தம்பிக்குத் தமக்கையார் திருநீறு தந்தார். பின்னர் அவர் திருநாவுக்கரசர் ஆனார். சமயப் பூசலை ஒருபுறம் வைத்துவிட்டு நோக்கினால், நோயுற்றவர் முதலில் நாடியது ஒரு வீட்டு வாயிலை என்பது புலனாகும். அவர் இறைவனிடம் சென்ற வழி தமக்கையின் வாயில் வழியாகவே சென்றது.

மருத்துவமனையில் தந்தையார் பன்னிரண்டு நாட்கள் இருந்தார். நாள்தோறும் கைப்பேசியில் இரண்டொரு நிமிடம் பேச அனுமதித்தனர். அச்சமயங்களில் அவர் புலம்பியதில்லை. மின்கட்டணம் செலுத்த வேண்டிய நாள், ஓய்வூதியத் தாள்கள் இருக்கும் பெட்டி, வங்கியில் அன்னையார் பெயர் சேர்க்கப்பட்டிருக்கும் கணக்கு ஆகியவற்றைத் தவணை தவணையாகச் சொல்லி முடித்தார். அடுத்த படுக்கையில் இருந்த இளைஞன் ஒருவன் அஞ்சி அழுவதாகவும், அவனுக்குத் தமக்குத் தெரிந்த இந்தியில் ஏதேதோ கதை சொல்வதாகவும் ஒருநாள் கூறினார். கடைசியாகப் பேசியபோது, “கோயில் நடை திறந்ததும் உன் அம்மாவைக் கிருத்திகைக்கு அழைத்துப் போங்கள், படி ஏறும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்” என்றார். இடுக்கண் அழியாமை என்பதற்கு உரையாசிரியர்கள் எழுதிய உரைகளை நாங்கள் படித்திருக்கிறோம். வாழ்ந்து காட்டிய உரையை அந்நாட்களில் கேட்டோம். மெய்யியல் என்பது துன்பம் வந்தபின் அலமாரியிலிருந்து எடுத்துப் படிக்கும் நூலன்று. அறுபது ஆண்டுகள் நாள்தோறும் பழகியிருந்தமையால்தான் அந்த நேரத்தில் அது அவருக்குக் கைகொடுத்தது.

ஆயினும் மெய்யியலுக்கும் ஓர் எல்லை உண்டு. உரோம நாட்டுப் பேரறிஞர் சிசெரோவின் வாழ்வு இதற்குச் சான்று. கி.மு. 45ஆம் ஆண்டு அவருடைய அன்பு மகள் துல்லியா இறந்தாள். கிரேக்க மெய்யியலை இலத்தீன் மக்களுக்கு எடுத்துக் கூறிய அவர், நண்பர் அத்திக்கஸ் இல்லத்தில் அமர்ந்து, துயராற்றுவதற்காக எழுதப்பட்ட நூல்களையெல்லாம் படித்தார். போதவில்லை. தம்மைத் தாமே தேற்றிக்கொள்ளத் தாமே ஒரு நூல் எழுதினார். அது இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. அந்நாளில் நண்பர் சுல்பிசியஸ், பெருநகரங்களே அழிந்து கிடக்கும் உலகில் ஓர் உயிரின் இழப்புக்கு இத்தனை வருந்தலாமா என்னும் கருத்தமைய மடல் எழுதினார். அறிவுக்குப் பொருந்தும் சொற்களே அவை. சிசெரோ அவருக்கு நன்றி கூறினார். கூடவே, முன்பெல்லாம் பொதுவாழ்வில் மனம் புண்பட்டால் வீட்டில் மகள் இருந்தாள், இப்போது புண்பட்டு வந்தால் போவதற்கு இடமில்லை என்னும் கருத்தையும் எழுதி, நண்பர் விரைவில் நேரில் வர வேண்டுமென்று வேண்டினார். மடலில் வந்த மெய்யியலைக் காட்டிலும் அதை எழுதிய மனிதரே அவருக்கு வேண்டியிருந்தார்.

மே மாதத் தொடக்கத்தில் தந்தையார் காலமானார். எங்களுள் இருவர் பாதுகாப்பு உடை அணிந்து தொலைவில் நின்றோம். சென்னையில் இருந்த மூத்த தமக்கையார் கைப்பேசித் திரையில் கண்டார். ஊரிலிருந்து எவரும் வர இயலவில்லை. அறிவு வழியில் எங்களை நாங்களே தேற்றிக்கொள்ள முயன்றோம். பகலில் அது ஓரளவு இயன்றது, இரவில் இயலவில்லை.

அப்போது எங்களைத் தாங்கியவர்கள் பெரிய சொற்கள் எவற்றையும் சொல்லவில்லை. மேல்மாடியில் வாழ்ந்த பஞ்சாபி மூதாட்டியார் நாள்தோறும் எங்கள் வாயிலில் உணவுப் பாத்திரத்தை வைத்துவிட்டு, மணியை அடித்து, நான்கு படி தள்ளி நின்று, நாங்கள் எடுத்துக்கொள்வதைப் பார்த்துவிட்டே செல்வார். எங்கள் அன்னையார்க்கு இரவில் ரொட்டி ஒத்துக்கொள்வதில்லை என்று அறிந்த மறுநாள் முதல் கிச்சடி வந்தது. 1947இல் லாகூரிலிருந்து உடுத்த உடையோடு வந்த குடும்பத்தின் சிறுமி அவர். வீடு இழப்பதும் ஆள் இழப்பதும் அவருக்குப் புதியன அல்ல. கும்பகோணத்திலிருந்து எங்கள் அத்தை மாலை ஆறு மணிக்குத் தவறாமல் தொலைபேசியில் அழைப்பார். உடன்பிறந்தவரை இழந்தவர் அவர். ஆயினும் துக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசமாட்டார். இன்று என்ன சமைத்தாய், இங்கே மழை தூறுகிறது, கொல்லையில் முருங்கை காய்த்திருக்கிறது என்று அரைமணி நேரம் பேசிவிட்டு வைத்துவிடுவார். அந்த ஆறு மணிக்காகவே அன்னையார் நாளைக் கடத்தினார் என்பது பின்னரே எங்களுக்கு விளங்கியது.

புத்தர் பெருமான் கிசா கோதமிக்குச் செய்ததும் இதுவே அன்றோ? இறந்த குழந்தையை ஏந்தி மருந்து கேட்டு வந்தவளிடம், அவர் நிலையாமை பற்றி உடனே விரித்துரைத்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல், சாவு நிகழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வா என்று அனுப்பினார். கடுகு எல்லா வீடுகளிலும் இருந்தது. சாவு நிகழாத வீடுதான் இல்லை. இக்கதையில் நாம் பெரும்பாலும் அதன் முடிவான உண்மையையே எடுத்துக்கொள்கிறோம். அவள் கதவு கதவாகத் தட்டினாள், ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் இழப்பை அவளிடம் சொன்னார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். மெய்யியல் அவளுக்கு அயலார் வாய்மொழியாகவே வந்து சேர்ந்தது.

அன்னையாரின் நம்பிக்கை என்னவாயிற்று என்று வாசகர் கேட்கலாம். அவர் வேண்டியது கிடைக்கவில்லை. சில மாதங்களுக்குப்பின் துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், “இத்தனை ஆண்டுகள் கும்பிட்டீர்களே, அந்த முருகன் என்ன செய்தான்?” என்று கேட்டேவிட்டார். எங்களுக்குச் சினம் பொங்கியது. அன்னையார் சினக்கவில்லை. “கேட்டது கிடைக்கவில்லை, உண்மைதான். ஆனால் அந்த இராத்திரிகளில் கேட்பதற்கு எனக்கு ஓர் இடம் இருந்தது. அது இல்லாதவர்கள் என்ன செய்வார்களோ!” என்றார். கோயில் நடை திறந்தபின் நாங்கள் அவர் கையைப் பிடித்துப் படியேற்றி அழைத்துச் சென்றோம். எங்களுள் கடவுள் நம்பிக்கை உடையவரும் உண்டு, இல்லாதவரும் உண்டு. இல்லாதவர் கீழே செருப்புகளைக் காத்து நின்றார்.

இவற்றையெல்லாம் சேர்த்து எண்ணும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. மூன்று துணைகளுக்கும் மூன்று வேறு கடமைகள் உள்ளன. எவரிடமும் சொல்ல முடியாததைச் சொல்வதற்கு நம்பிக்கை இடம் தருகிறது. எஞ்சியிருக்கும் நாட்களைக் கொண்டு என்ன செய்வது என்பதற்கு மெய்யியல் விடை தருகிறது. இன்று இரவு உண்ணவும் உறங்கவும் சுற்றம் துணை செய்கிறது. ஒன்று மற்றொன்றன் கடமையை மேற்கொள்ளப் புகும்போதுதான் இடர் விளைகிறது. நோயைத் தீர்த்தே தரும் என்று நம்பிக்கையின் பெயரால் உறுதி கூறுவோர், நோய் தீராதபோது துயருற்றவரின் நம்பிக்கையையும் சேர்த்துப் பறித்துவிடுகின்றனர். அழுவது அறியாமை என்று மெய்யியலின் பெயரால் கூறுவோர், துயருற்றவரைத் தனிமையில் தள்ளிவிடுகின்றனர். எல்லாம் சரியாகிவிடும் என்று அன்பின் பெயரால் ஓயாமல் கூறுவோர், அவரைப் பேசவிடாமல் செய்துவிடுகின்றனர். வள்ளுவர் மூன்றையும் வெவ்வேறு அதிகாரங்களில் வைத்து, ஒன்றை மற்றொன்றன் மேல் ஏற்றாமல் விட்டதன் நுட்பம் இதுவே என்று கருதுகிறோம்.

எனினும் நம்மைப் போல் வேற்றூரில் வாழ்வோர் இவற்றுள் ஒன்றற்குத் தனியே முயல வேண்டியிருக்கிறது. நம்பிக்கையைப் பெட்டியில் ஒரு படமாக வைத்து எடுத்து வந்துவிடலாம். மெய்யியலை ஒரு கையடக்க நூலாகக் கொண்டு வந்துவிடலாம். சுற்றத்தை அவ்வாறு கொண்டுவர இயலாது. வந்த இடத்தில்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். 1946ஆம் ஆண்டு தில்லித் தமிழ்ச் சங்கத்தைத் தோற்றுவித்தோரும், நாட்டின் பிற நகரங்களில் இத்தகைய சங்கங்களைக் கண்டோரும், முத்தமிழ் வளர்ப்பதோடு இதனையும் மனத்தில் கொண்டிருப்பர் என்பதில் ஐயமில்லை. பொங்கலும் புத்தாண்டும் கொண்டாடுவதற்கு நாம் ஒன்றுகூடுகிறோம், நன்று. நள்ளிரவில் உருளை தேடிப் புறப்பட்ட நண்பரை எங்களுக்கு அளித்ததும் முப்பது ஆண்டுகளுக்கு முன் இத்தகையதொரு விழாவில் தற்செயலாக அருகருகே அமர்ந்து உண்டதுதான்.

எனவே, வாசகர்க்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றுண்டு. பிள்ளைகள் அயல்நாடு சென்றபின் தனித்து வாழும் தமிழ் முதியோர் இன்று ஒவ்வொரு நகரிலும் இருக்கின்றனர். அவர்களுள் நாம் அறிந்தவர் இருவர் மூவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி, வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரத்தில், தவறாமல் அழைப்போமாக. அறிவுரை கூற வேண்டுவதில்லை. ஆறுதல் மொழியும் தேட வேண்டுவதில்லை. இன்று என்ன சமைத்தீர்கள் என்று கேட்டாலே போதும். நம் அண்டை வீட்டார் எம்மொழியினராயினும் அவர்தம் இல்லத்தில் யார் யார் உள்ளனர், யார் நோயுற்றுள்ளனர் என்பதை அறிந்து வைப்போமாக. துன்பம் நாள் குறித்து வருவதில்லை. ஆதலின் துணையை முன்னரே தேடிக்கொள்வதே அறிவுடைமை.